நிலத்தில் வைத்த துணி

விமானத்தில் ஜன்னலோர இருக்கையைச் சண்டை போட்டுப் பிடித்திருக்கும் என் மகளுக்கு,

இந்தக் கடிதத்தை உன் கைப்பையில் பயற்றம்பணியாரப் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தது உன் அம்மா. பணியாரத்தைத் தேடிக் கை விடுவாய், கடிதம் அகப்படும் என்பது அவளுடைய யோசனை. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். பரவாயில்லை. நீ போகிற நுவெல் கலெடோனித் தீவுக்கு ஒரு நாளுக்கு மேல் பறக்க வேண்டுமாம். சனிக்கிழமைகளில் அழுதழுது தமிழ்ப் பள்ளிக்கூடம் போனதன் பலனை இன்றைக்காவது அனுபவி. பக்கத்தில் உன் மாப்பிள்ளை எமில் இருந்து "என்ன எழுதியிருக்கிறார்?" என்று கேட்பான். முழுதும் வாசித்து முடித்த பிறகு சொல். நடுவில் சொன்னால் அவன் சிரிப்பான், நீயும் சிரிப்பாய், மிச்சம் வாசிக்கமாட்டாய்.

விமான நிலையத்தில் நேரே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். அங்கே வந்தால் நான் பெட்டியின் நிறையைப் பற்றியும் கடவுச்சீட்டைப் பற்றியும் மட்டும்தான் பேசுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் இன்று திங்கட்கிழமை, கடையில் ஒரு குஞ்சும் இல்லாத நேரம் பார்த்து, துணி வெட்டும் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே ரூ பெர்தொனேயில் யாரோ வாழைக்குலைப் பெட்டிகளை இறக்கிக்கொண்டு தெருவையே மறித்து நிற்கிறார்கள். எழுத நல்ல வசதி.

ஒரு பொய்யைத் திருத்துவதற்காகத்தான் எழுதுகிறேன். போன கிழமை நீ கடைக்கு வந்து சொன்னாயே, அங்கே போனதும் முதல் வேலையாக எமிலின் ஆட்கள் உன்னைப் பெரியவர்கள் முன்னால் நிறுத்துவார்கள், நீ துணி வைக்க வேண்டும், நீ எந்த மண்ணிலிருந்து வருகிறாய், அந்த மண் யாருடையது என்று சொல்ல வேண்டும் என்று. "அப்பா, நீங்க அண்டைக்கு எமில்ட மாமாட்டச் சொன்னதையே சொல்றன், சரிதானே?" என்று கேட்டாய். நான் தலையை ஆட்டிக்கொண்டு துணியை வெட்டினேன். வெட்டி முடித்துப் பார்த்தால், நாலு மீற்றர் வெட்ட வேண்டிய இடத்தில் ஆறு மீற்றர் வெட்டியிருந்தேன். இருபது வருஷம் கடை வைத்திருப்பவனுக்கு வரக்கூடாத பிழை. ஏனென்றால் அன்றைக்கு நான் அந்த மாமாவிடம் சொன்னது உண்மை இல்லை. அதை நீ அந்தச் சனங்களுக்கு முன்னால் போய்ச் சொல்லிவிடக்கூடாது.

அந்த மாமா கடைக்கு வந்த நாளை உன் பக்கத்திலிருந்து நீ நூறு தரம் உன் தோழிகளுக்குச் சொல்லிவிட்டாய், இனி என் பக்கத்தைக் கேள். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிச் சொல்லி உன் காது புளித்திருக்கும். அங்கே பெண் பிள்ளை கலியாணம் முடித்து வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். வீடு பெண்ணுக்கு. நாங்கள் பாரிசுக்கு வெளியே செவ்ரானுக்குக் குடிபோனபோது உனக்கு ஏழு வயது. முன்னறையைக் காட்டி, "புள்ள, இது உனக்கும் உன்ட மாப்பிள்ளைக்கும்" என்றேன். நீ அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பொம்மைகள் இருப்பதால் மாப்பிள்ளைக்கு இடம் போதாது என்று பிரெஞ்சில் தீர்ப்புச் சொன்னாய். அந்த அறைக்கு நான் மூன்று தரம் வர்ணம் பூசிவிட்டேன். அதில் யாரோ ஒரு மாப்பிள்ளை வந்து காலை நீட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்ப்பான் என்று நான் இருக்க, நீ உன் ஆஸ்பத்திரியில் மின்சார வேலை செய்ய வந்த ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தாய். அவன் கனாக் இனத்தவன், சமுத்திரத்தின் அந்தக் கரையில் ஒரு தீவின் ஆதிக் குடி என்றாய். அதுவரைக்கும் சரி. அவனுடைய தகப்பனுக்கு வயது போகிறது, குடும்பத்துக் கிழங்குத் தோட்டத்தைப் பார்க்க அவன் திரும்பிப் போக வேண்டும், நீயும் போகிறாய், அங்கே ஒரு மருந்தகத்தில் தாதி வேலை கிடைத்துவிட்டது என்றாய். கிழங்கு! ஒரு கிழங்குக்காக என் பிள்ளையை உலகத்தின் மற்ற அந்தத்துக்குக் கொண்டுபோவதா என்று இரண்டு கிழமை நான் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

உன் அம்மாவை அந்தக் கிழங்கே விழுத்திவிட்டது. எமில் தொலைபேசியில் படத்தைக் காட்டியதும் அவள் யாழ்ப்பாணமே கேட்கும்படி கத்தினாள். "இஞ்சேருங்கோ, இது எங்கட இராசவள்ளியெல்லோ!" அடுத்த ஞாயிறே நம் கடை இருக்கிற லாச்சப்பலில் ஒரு கிழங்கைத் தேடிப் பிடித்து வாங்கி வந்து, களி கிண்டுவதற்குக் கத்தியைத் தூக்கினாள். எமில் பதறி எழும்பி, அந்தக் கிழங்கை இரண்டு கையாலும் வாங்கி, பிறந்த பிள்ளையை ஏந்துவது போல ஏந்திக்கொண்டு நின்றான். அவர்கள் ஊரில் கிழங்கை அப்படித்தான் பிடிக்க வேண்டுமாம், எறியக்கூடாதாம், கண்டபடி வெட்டக்கூடாதாம். அம்மா கத்தியை வைத்துவிட்டு என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்: "கிழங்கை இப்பிடித் தூக்கிறவன் எங்கட பிள்ளையைக் கீழை விடமாட்டானப்பா." பிறகு அவனிடமே முறை கேட்டு வெட்டி, தேங்காய்ப் பால் விட்டுக் களி கிண்டினாள். அவன் மூன்று கோப்பை சாப்பிட்டான். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் மிச்சம் வரவில்லை.

ஆகவே பிரான்சின் தெற்கில் இருக்கிற எமிலின் தாய்மாமன் ரெயில் ஏறி என்னைப் பார்க்க வருகிறார் என்று நீ சொன்னபோது, "கடைக்கு வரட்டும்" என்றேன். இதை இன்றைக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்குக் கூப்பிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள், கடையில் என்றால் ஒரு தேத்தண்ணியைக் கொடுத்து, "யோசிச்சுச் சொல்றன்" என்று அனுப்பிவிடலாம் என்பது என் திட்டம். அதுவும் ஞாயிறு பின்னேரம், சனம் நெருக்குகிற நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். மனதுக்குள் "இல்லை" என்று முடித்துவிட்டேன். உன்னிடம் சிரித்துக்கொண்டு, உள்ளுக்குள் அப்படி ஒரு வஞ்சகம் வைத்திருந்தேன். அதற்கு என்னை மன்னித்துக்கொள். கடவுளும் அன்றைக்கே எனக்குத் தக்க பாடம் படிப்பித்துவிட்டார்.

அந்த மனிதர் வாசலில் வந்து நின்றார். பெரிய உருவம், பூப்போட்ட சட்டை, கையில் மடித்த துணி. நான் கல்லாப் பக்கமிருந்து "வாங்கோ, வாங்கோ" என்று பிரெஞ்சிலும் தமிழிலும் கூப்பிடுகிறேன், மனிதர் அசையவில்லை. பின்னால் குழந்தை வண்டியோடு ஒரு பெண், அவளுக்குப் பின்னால் கூறைச் சேலை எடுக்க வந்த ஒரு குடும்பம், எல்லோரும் தெருவில் தேங்கி நிற்கிறார்கள். என் வியாபாரம் போகிறதே என்று எனக்குப் பதைப்பு. அப்போது அவர் தலையைக் குனிந்துகொண்டு, நிலத்தைப் பார்த்தபடி, மெதுவாகப் பேசத் தொடங்கினார். உங்களுடைய இடத்துக்குள் வருவதற்கு முன்னால் உங்களிடம் கேட்க வேண்டும் என்றார். இந்த மண்ணின் முதல் ஆட்கள் யாரென்று தனக்குத் தெரியாது, யாராக இருந்தாலும் அவர்களுக்கு வணக்கம் என்றார். இன்றைக்கு இந்த வாசலைப் பார்த்துக்கொள்கிறவர் நீங்கள், உங்களுக்கும் வணக்கம் என்றார்.

மகளே, நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. வதிவிட அட்டைக்காகப் பிரிபெக்சர் வாசலில் விறைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வீட்டுக்காரன் வாசலில், வேலைக்காக உணவகங்களின் பின்வாசலில், உன்னைச் சேர்ப்பதற்காகப் பள்ளிக்கூட வாசலில், எல்லா இடத்திலும் நான்தான் நின்று கேட்டிருக்கிறேன். என் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று என்னைக் கேட்ட முதல் மனிதர் அவர். என் கண் கலங்கியதை நீ பார்த்தாய். சாம்பிராணிப் புகை என்று உனக்குச் சொன்னேன். அன்றைக்குக் கடையில் சாம்பிராணி கொளுத்தவே இல்லை.

நான் கல்லாவை விட்டு வாசலுக்கு வந்ததும் அவர் அந்தத் துணியை என் கால்மாட்டில் நிலத்தில் வைத்தார். வைத்துவிட்டு இன்னும் பேசினார். அதற்குப் பிறகு அவர் பேசியது ஒன்றும் என் காதில் ஏறவில்லை. அவருடைய பிரெஞ்சு வேறு ஒரு மாதிரி, என்னுடையது கடைப் பிரெஞ்சு என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் நிலத்தில் கிடந்த அந்தத் துணி. நல்ல பருத்தி, சிவப்பில் வெள்ளைப் பூ, நாற்பது பேர் சப்பாத்தோடு உழக்கிய தரையில் கிடக்கிறது. புடைவைக் கடைக்காரன் ஒருவனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியுமா? நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு துண்டு கீழே விழுந்தால் எப்படிக் கத்துவேன், நினைவிருக்கிறதா? குனிந்தேன். எடுத்தேன். ஒரு உதறு உதறி, விரலிடுக்கில் உரசி இழையைப் பார்த்து, கரையோடு கரை சேர்த்து மடித்து, கையில் வைத்துக்கொண்டேன். மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார். எமில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறான். மாமா என்னைக் கட்டிப்பிடித்ததில் என் கண்ணாடி கழன்று விழுந்தது. குழந்தை வண்டிக்காரி, "என்ன, கலியாணமே?" என்று பின்னாலிருந்து கேட்கிறாள். நீ வாயில் கை வைத்துக்கொண்டு நின்று, கடைசியில் சொன்னாய்: "அப்பா, அந்தத் துணியை எடுத்தா அவையள்ட வார்த்தைக்கு ஓம் எண்டு அர்த்தம். நீங்க ஓம் சொல்லிட்டீங்க."

"ஐயோ, என்ன செய்து போட்டியள்!" என்றாள் அம்மா. முகம் முழுக்கச் சிரிப்பு.

தெரியாமல் எடுத்துவிட்டேன் என்று சொல்லி அதைத் திரும்ப நிலத்தில் வைத்திருக்கலாம். உண்மையாகவே ஒரு நிமிஷம் அப்படி யோசித்தேன். ஆனால் இவ்வளவு மரியாதையோடு வாசலில் நின்று கேட்ட மனிதரின் துணியை எப்படிக் கீழே போடுவது? உன் முகத்தையும் பார்த்தேன். எடுத்தது கைப்பழக்கம், ஒப்புக்கொள்கிறேன். திரும்ப வைக்காமல் விட்டது நான், தெரிந்தே விட்டேன். நம் ஊர்ச் சனம் இதை வைத்து இன்னும் பத்து வருஷத்துக்கு என்னைப் பகிடி பண்ணும். லா கூர்னெவில் இருக்கும் உன் மாமா என்னைக் கண்டால் கைக்குட்டையை நிலத்தில் போட்டுவிட்டு, "அத்தான், எடுக்காதீங்கோ, எனக்குக் கலியாணத்துக்கு இன்னும் இரண்டு பெடியள் இருக்கிறாங்கள்" என்கிறான்.

இனித்தான் அந்தப் பொய். பின்கட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது எமிலின் மாமா கேட்டார், உங்களுடைய மண் எது என்று. எனக்கு அந்தக் கேள்வி கேட்டால் போதும், உனக்குத் தெரியும், மூச்சு விடாமல் பேசுவேன். வாகரைப் பக்கம், காட்டோரம் காணி, என் அப்பா தன் கையால் வெட்டிய காணி, சண்டையில் விட்டுவிட்டு ஓடிவந்தோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "அதற்கு முன்னால் அதை யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்றார். "ஒருத்தரும் இல்லை. வெறும் காடு" என்றேன். நீ மொழிபெயர்த்தாய். அவர் கோபிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெல்லச் சிரித்தார். "எங்கள் தீவைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள்" என்றார். பிறகு உன் அம்மாவின் பணியாரத்தைப் புகழத் தொடங்கிவிட்டார்.

காடுதான், ஆனால் ஆள் இருந்தது. வேடர்கள் இருந்தார்கள். காட்டுக்குள் எங்கோ அம்பும் வில்லுமாக இருக்கிறவர்கள் என்று நீ நினைக்காதே. எங்களைப் போலவே தமிழ் பேசுகிறவர்கள், கடலில் மீன் பிடித்தார்கள், தேன் எடுத்தார்கள், காட்டை வெட்டிச் சேனைப் பயிராகச் சோளன் போட்டார்கள். அந்தக் கரையும் காடும் அவர்களுடைய ஆட்கள் தலைமுறை தலைமுறையாகத் திரிந்த இடம். என் அப்பா அங்கே போய்க் காணி வெட்டிய முதல் வருஷம், இரண்டு இடத்தில் கிணறு தோண்டி உப்புத் தண்ணிதான் வந்தது. கந்தப்பன் என்று ஒரு வேடர் வந்து, மணலில் ஒரு இடத்தைக் காலால் தட்டிக் காட்டினார். அங்கே ஆழமில்லாமல் ஒரு குழி தோண்டினால் போதும், நல்ல தண்ணி ஊறும். அதைப் பூவல் என்போம். அவர்களுடைய பூவல் அது. அந்தத் தண்ணியைக் குடித்துத்தான் நாங்கள் அங்கே பிழைத்தோம். காடு வெட்ட முன்னால் ஒரு படையல் வைத்து, காட்டிடமும் தங்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டுங்கள் என்றும் அவர் சொன்னார். அப்பா சிரித்தார். மரத்திடம் கேட்பதா என்றார். நானும் கூடச் சிரித்தேன்.

சில வருஷம் போனது. காணி பெருத்தது, மாடு வந்தது, வேலி போட வேண்டும் என்றார் அப்பா. எனக்குப் பத்தொன்பது வயது. கம்பி கட்டியது நான். பூவல் எங்கள் வேலிக்கு உள்ளே வந்துவிட்டது. வேணுமென்று செய்தோமா என்று கேட்டால், வேணுமென்றுதான். நல்ல தண்ணி அல்லவா. கட்டி முடித்து இரண்டாம் நாள் கந்தப்பன் குடத்தோடு வந்து வேலிக்கு வெளியே நின்றார். திட்டவில்லை. கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மனே, இனித் தண்ணிக்கு எந்தப் பக்கத்தால போறகா?" என்று கேட்டார். நான், "அப்பாட்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, ஏதோ வேலை இருப்பது போலத் திரும்பிக்கொண்டேன். அவர் அப்பாவிடம் கேட்கவில்லை. குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்த வழியே போனார். எனக்குத் தெரிந்து, அதற்குப் பிறகு அவருடைய வீட்டுப் பெண்கள் தண்ணிக்காக வெகுதூரம் நடந்தார்கள்.

பிறகு சண்டை எங்களையும் கலைத்தது. நான் இங்கே வந்து சேர்ந்தேன். லாச்சப்பலில் எத்தனை கூட்டத்தில், எத்தனை சாவீட்டில், "எங்கட காணி, எங்கட மண்" என்று நான் பேசியிருப்பேன்! அந்த வலி உண்மை, அதை நான் இப்போதும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நாளாவது கந்தப்பனின் பெயர் என் வாயில் வந்ததில்லை. உனக்கும் சொன்னதில்லை. நீ அந்தக் காணியைப் படமாக வரைந்து பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாய், நினைவிருக்கிறதா? வேலியைக் கறுப்புப் பென்சிலால் அழகாக வரைந்திருந்தாய். "வேலியை ஏன் இவ்வளவு பெரிசாப் போட்டிருக்காய்?" என்று கேட்டேன். "நீங்க கட்டினது எண்டுதானே சொன்னீங்க" என்றாய்.

ஆகவே அங்கே போய், "என் அப்பாவின் காணியில் முன்னால் ஒருத்தரும் இருக்கவில்லை" என்று சொல்லாதே. வேறு ஒன்றையும் யோசித்துப் பார். உன் கையில் இருப்பது பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. அது எனக்கு உயிர் தந்த புத்தகம், அதைக் கொண்டுவந்த நாளில் நான் அதைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். ஆனால் நீ போகிற இடத்தில் அதே அரசு வந்து சனங்களின் காணியை எடுத்து, அவர்களை ஓரத்தில் ஒதுக்கிய கதை இருக்கிறது. எமிலே எனக்குச் சொன்னான். அங்கே அந்தப் புத்தகம் வேறு மாதிரித் தெரியும். அதற்காக நீ தலை குனிந்து திரிய வேண்டியதில்லை. உன் தலைமுறை செய்த பிழை இல்லை அது. ஆனால் மருந்தகத்தில் யாராவது உன்னோடு முகம் கொடுத்துப் பேசாவிட்டால், உடனே முகத்தைத் தூக்கிக்கொள்ளாதே. அந்த முகத்தைத் தூக்குகிற குணம் என்னிடமிருந்து வந்தது, அதை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்கு.

மற்றப் புத்திமதிகளைச் சும்மா சொல்லிவைக்கிறேன், கேட்டால் கேள். போன முதல் மாதத்தில் "என்னுடைய வீடு" என்று சொல்லாதே, அவர்களாகச் சொல்லும்வரை பொறு. கொடி கட்டித் துணி காயப்போட முன்னால் அந்த மரம் யாருடையது என்று கேள். எந்த வழி எங்கே போகிறது, எந்த இடத்துக்குப் போகக்கூடாது, எந்தத் தண்ணியை யார் எடுக்கிறார்கள் என்று கேள். தண்ணியைப் பற்றிக் கட்டாயம் கேள். அவர்களுடைய மொழியில் நாலு சொல்லைப் பிழையாகவாவது பேசு. நான் இங்கே பிழையாகப் பேசித்தான் கடை திறந்தேன், சனம் சிரித்துக்கொண்டே வாங்கியது. கிழங்கைக் கண்டால் இரண்டு கையாலும் பிடி. இராசவள்ளிக் களி கிண்டிக் கொடுத்தால் அந்த ஊரே உன் பக்கம் என்று அம்மா சொல்லச் சொன்னாள். சீனியைக் குறைத்துப் போடு என்பது நான் சேர்த்துச் சொல்வது. கிழங்கு கிண்டுகிற காலத்துக்கு அடுத்த வருஷம் நாங்கள் வருவோம். செவ்ரானில் முன்னறை அப்படியே இருக்கும், நாலாம் தரமும் வர்ணம் பூசிவைப்பேன். அதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் வந்தால் எமில் அதில் காலை நீட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கலாம்.

உன் பெட்டியில் மேலாக இருக்கிற அந்த ஆறு மீற்றர் துணி, பச்சையில் மஞ்சள் கரை போட்டது, கடையிலேயே நல்ல பருத்தி அதுதான். அதை வைக்கும்போது இப்படிச் சொல். என் அப்பா பாரிசில் லாச்சப்பலில் கடை வைத்திருக்கிறார். அந்த மண் வேறு ஆட்களுடையது, என் அப்பாவை அங்கே இருக்க விட்டார்கள். அதற்கு முன் அவர் வாகரைப் பக்கத்தில் இருந்தார். அந்த மண்ணை முதலில் பார்த்துக்கொண்டவர்கள் வேடர்கள், அவர்களில் கந்தப்பன் என்பவர் எங்களுக்குத் தண்ணி காட்டினார், நாங்கள் அவருக்கு வேலி கட்டினோம். என் அப்பா இதை உங்கள் ஆள் ஒருவர் கேட்ட பிறகுதான் சொன்னார். இவ்வளவும் போதும். எமிலின் மாமாவுக்கும் இதையே தொலைபேசியில் சொல்லிவிட்டேன், என் கடைப் பிரெஞ்சில். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "இப்போது உங்கள் மண் எது என்று எனக்குத் தெரிகிறது" என்றார்.

கந்தப்பன் இப்போது இல்லை. அவருடைய மகள் இருக்கிறாளாம், என் வயதுதான், அதே கரையில். சண்டை முடிந்து திரும்பிப் போய்க் காணியைப் பார்க்கிற உன் சித்தப்பாவுக்கு நேற்றுத் தொலைபேசி எடுத்து, பூவலுக்கு நேரே வேலியை வெட்டி ஒரு வழி விடச் சொன்னேன். "என்னண்ணே, பாரிஸ்ல குளிர் கூடிட்டா?" என்றான். கம்பி கட்டியது நான், வெட்டச் சொல்கிறதும் நான், நீ கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்துக்கொண்டு போ என்றேன். முணுமுணுத்தான், பிறகு ஓம் என்றான். ஓகஸ்ட்டில் கடையை மூடும்போது நானும் அம்மாவும் ஊருக்குப் போகிறோம். உன் துணியில் நாலு மீற்றரோடு நிறுத்தாமல் ஆறு வெட்டினேன் என்றேனே, அதே கட்டிலிருந்து இன்னொரு துண்டும் வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். கல்லாவுக்கு அடியில் இருக்கிறது. சனம் இல்லாத நேரத்தில் அதை நிலத்தில் வைத்து, குனிந்து, பேசிப் பார்க்கிறேன். அம்மா ஒரு மூலையில் நின்று சிரிக்கிறாள், ஆனால் நான் எங்கே தடுமாறுகிறேன் என்று சரியாகச் சொல்லித் தருகிறாள். பத்தொன்பது வயதில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை, வாயில் வர மறுக்கிறது.

அந்த வீட்டு வாசலுக்கு வெளியே நிற்பேன், கூப்பிடாமல் உள்ளே போகமாட்டேன். கந்தப்பனின் மகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத் துணியை நிலத்தில் வைப்பேன். அவள் எடுக்கலாம், எடுக்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தலாம், அது அவளுடைய விருப்பம். எவ்வளவு நேரம் அது மண்ணில் கிடந்தாலும் சரி, இந்தத் தரம் உன் அப்பா குனிந்து எடுக்கமாட்டான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான்.

அப்பா